டான்யூப் கரை ரொட்டிக்கடை

புவியியல் சாருக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. ஸ்டாஃப் ரூமுக்கும் வராண்டாவுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

"என்ன சார், குட்டி போட்ட பூனை மாதிரி அலையறீங்க?" என்றார் கணக்கு டீச்சர்.

"ஏழாம் வகுப்புல முதல் பெஞ்சுப் பொண்ணு லீவுக்கு புடாபெஸ்ட் போயிட்டு இன்னைக்கு வருது டீச்சர்."

"நல்லதுதானே? டான்யூப் பாலத்தை ஒட்டின ரொட்டிக்கடை, உங்களுக்கு ஓசியில ரொட்டி கொடுத்த மீசைக்காரர்னு கதை கதையாச் சொல்வீங்களே! எல்லாத்தையும் பார்த்திருப்பா."

"இத்தனை வருஷத்துல கடையை மூடியிருந்தா?"

மணி அடித்தது. சார் வகுப்புக்குள் நுழைந்ததுமே அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"சார், உங்க மீசைக்காரரைப் பார்த்தேன்! உங்களை ரொம்ப விசாரிச்சார். இந்த ரொட்டியைக் கொடுக்கச் சொன்னார்."

வகுப்பே கைதட்டியது. சார் ஐரோப்பா வரைபடத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தார்.

வகுப்பு முடிந்ததும் அவளைத் தனியே கூப்பிட்டார். "யாரைம்மா பார்த்தே?"

"அங்கே கடையே இல்ல சார். அப்பாவும் நானும் நாலு தடவை சுத்திச் சுத்தித் தேடினோம். அந்த இடத்துல எந்தக் காலத்துலயும் ரொட்டிக்கடை இருந்ததில்லையாம். இது நம்ம தெருமுனையில வாங்கினது."

சார் தலையைக் குனிந்துகொண்டார். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம்கூடப் போடாதவர் அவர்.

"பரவாயில்ல சார்" என்றாள் அவள். "என்னைக்காவது நிஜமாவே போனீங்கன்னா, திரும்பி வந்து வகுப்புல நான் சொன்னதையே சொல்லிடுங்க."