கடைசிச் சொட்டு

இப்போது எழுந்து போவான். ‘ரெண்டே நிமிஷம்’ என்பான். செல்பேசியை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போய், அவளிடம் பேசிவிட்டு, ஒன்றும் நடக்காத முகத்தோடு திரும்பி வருவான்.

ஆர்மெல் காத்திருந்தாள். ரெஜிஸ் எழுந்திருக்கவில்லை.

லூவ்ரு அருங்காட்சியகத்தின் மேல்மாடி அறை. வெளியே பாரிஸ் முழுக்க நவம்பர் மழை. வருடம் தவறாமல் முதலில் இந்த ஓவியத்தின் முன்னால்தான் வந்து உட்கார்வார்கள். பாதி உரித்த எலுமிச்சை. பக்கத்தில் பாதி நிரம்பிய வெள்ளை ஒயின் கோப்பை. இதைப் பார்த்த பிறகுதான் ரெஜிஸுக்கு மதுக்கூடங்கள்.

“நானூறு வருஷமா ஊத்தி வச்சிருக்கான். ஒருத்தன் எடுத்துக் குடிக்கலை பாரு.”

“போன வருஷமும் இதையேதான் சொன்னே.”

“போன வருஷமும் யாரும் குடிக்கலையே!”

ஆர்மெல் சிரித்தாள். பழக்கத்தில் வந்த சிரிப்பு. அவள் கண் அவனுடைய கோட்டுப் பையிலேயே இருந்தது.

இருபத்தோரு வருடங்களாக அந்தப் பேச்சைக் கேட்டும் கேட்காதவள் போல் இருந்திருக்கிறாள். “சாப்பிட்டியா, செல்லம்? இங்க ஒரே மழை... சேச்சே, தனியாத்தான் இருக்கேன். சீக்கிரம் வந்துடறேன்.” எவ்வளவு கனிந்த குரல்! அந்தக் குரலில் அவன் தன்னோடு ஒருநாளும் பேசியதில்லை என்று அவளுக்குத் தோன்றும். ஆனால் கேட்டதில்லை. கேட்டால் இந்த மூன்று நாளும் கெட்டுப்போகும் என்ற பயம்.

இன்று அவன் கை பைக்குப் போகவே இல்லை.

அப்படியானால், அவள் அவன் வாழ்க்கையை விட்டுப் போய்விட்டாளா? இத்தனை காலம் ஆர்மெல் வேண்டிக்கொண்டது அதைத்தானே. பின் ஏன் சந்தோஷம் வரவில்லை?

ஆற்றங்கரை மதுக்கூடத்தில் முதல் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனவன், குடிக்காமலே கீழே வைத்தான்.

“தக்கை கெட்டு ஒயின்ல வாடை ஏறியிருக்கு. வேற புட்டி திறங்க.”

பரிமாறிய பெண் முகர்ந்து பார்த்து, மன்னிப்புக் கேட்டு எடுத்துப்போனாள்.

“எப்படித்தான் கண்டுபிடிக்கிறியோ!” என்றாள் ஆர்மெல்.

“ஒயின் என்கிட்ட பொய் சொல்ல முடியாது.”

அவள் குனிந்து கைக்குட்டையை மடித்தாள். மணி ஐந்தானது. வழக்கமாக இரண்டாவது முறை பேசும் நேரம். ரெஜிஸ் ஜன்னலில் வழியும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்தது திபோவின் மதுக்கூடம். ஆறே மேசைகள். திபோவுக்கு அவர்களைப் பல வருடங்களாகத் தெரியும். கேட்காமலே ரெஜிஸுக்குப் பிடித்த சிவப்பு ஒயினைத் திறந்தார். தட்டில் பாலாடைக்கட்டி வைத்தார்.

“மதாம், ஏன் இவ்வளவு வாட்டம்? இவரு மறுபடியும் அந்த எலுமிச்சம்பழப் படத்தைக் காட்டி வதைச்சாரா?”

“ஒரு மணி நேரம்!”

“நானா இருந்தா அங்கேயே விட்டுட்டு வந்திருப்பேன். அருங்காட்சியகத்துல வைக்க வேண்டிய ஆளுதான்.”

ரெஜிஸ்கூடச் சிரித்தான். புட்டி மெல்லக் காலியானது.

மேசையைத் துடைக்க வந்த திபோ புட்டியைத் தூக்கி விளக்கில் பிடித்துப் பார்த்தார். “கடைசிச் சொட்டு யாருக்கு? யார் கோப்பையில விழுதோ அவங்களுக்கு வருஷம் முடியறதுக்குள்ள கல்யாணம், இல்லேன்னா தூக்கு! ஆனா உங்களுக்கு எதுக்கு அது? ஏற்கெனவே மாட்டிக்கிட்ட ஜோடி.”

ஒவ்வொரு வருடமும் சொல்வதுதான். சொல்லிவிட்டுத் தன் கோப்பையிலேயே கவிழ்த்துக்கொள்வார். பெண்டாட்டி ஓடிப்போய்ப் பத்து வருடம் ஆன மனிதர்.

இந்த முறை ரெஜிஸ் கை நீட்டிப் புட்டியை வாங்கினான். ஆர்மெலின் கோப்பையின் மேல் சாய்த்து, கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்திருந்தான்.

“அடேங்கப்பா! இருக்கிற பெண்டாட்டியையே இன்னொரு தடவை கட்டிக்கப் போறீங்களா?” என்று சிரித்துக்கொண்டே திபோ உள்ளே போனார்.

ஆர்மெலால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. இருபத்தோரு வருடங்களில் முதல் தடவையாக வாய் திறந்து கேட்டாள்.

“இன்னைக்கு நீ போன் பண்ணலையே?”

ரெஜிஸ் மேசையைப் பார்த்தான்.

“ஒதீல் செப்டம்பர்ல போயிட்டா.”

“போயிட்டான்னா?”

“தூக்கத்துலயே. காலைல எழுப்பப் போனேன்... கை ஜில்லுன்னு இருந்தது.”

வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்த்திராத அந்தப் பெண்ணுக்காகத் தன் கண் நிறைவதை ஆர்மெல் வியப்போடு உணர்ந்தாள். சாப்பிட்டியா என்று அவன் கேட்டதற்கெல்லாம் நம்பிக்கையோடு பதில் சொல்லிக்கொண்டிருந்தவள்.

ரெஜிஸ் அவள் கையைப் பற்றினான். அவன் குரல் கனிந்தது. படிக்கட்டுப் பக்கமிருந்து கேட்ட அந்தப் பழைய கனிவு, அப்படியே.

“போதும், செல்லம். ஒளிஞ்சு ஒளிஞ்சு வருஷத்துக்கு மூணு நாள் வாழ்ந்தது போதும். என்னைக் கல்யாணம் பண்ணிக்கோ. அவ இருந்த வீட்டுக்கு என் பெண்டாட்டியா வந்துடு.”

ஆர்மெல் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, அந்தச் சொட்டு விழுந்த கோப்பையைக் குடிக்காமலே அவன் பக்கம் நகர்த்தினாள்.

“வேண்டாம், ரெஜிஸ். அப்புறம் நவம்பர்ல நீ ‘தனியாத்தான் இருக்கேன்’னு போன்ல சொல்றப்போ, அதை நம்பிக்கிட்டு வீட்டுல உக்காந்திருக்கிறது நானா இருப்பேன்.”