போன புதன்கிழமை, சந்து முனையில்

குப்பை வண்டி வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. சந்து முனையில் எல்லோரும் பைகளோடு நின்றிருந்தார்கள். போலீஸ்காரரும் அந்த நேரம் பார்த்துத்தான் வந்தார்.

தைபேயில் ஒரு சந்தில் இருப்பவர்களை மொத்தமாகப் பிடிக்க வேண்டுமானால் அதுதான் நேரம்.

யாவென் நான்கு மாடி இறங்கி வந்தது அவருக்காகத்தான். குப்பைப் பை ஒரு சாக்கு.

போன புதன்கிழமை மாலை அவள் தம்பி குவோதுங் அவள் வீட்டுக்குச் சாப்பிட வந்துகொண்டிருந்தான். இந்த முனையில் அவனுடைய டாக்ஸி தோஃபு கடை சியூ தாத்தாவை இடித்துவிட்டது. தாத்தாவுக்குக் கால் முறிவு.

சிக்னல் பச்சை என்று தம்பி சத்தியம் செய்கிறான். சிவப்பு என்று முடிவானால் லைசென்ஸ் போய்விடும். டாக்ஸியை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை.

பச்சைதான். யாவென் பார்த்தாள். அடுப்பில் மீனைப் போட்டுவிட்டு, தம்பி வருகிறானா என்று சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த அந்த நொடியில்.

அதைச் சொல்லத்தான் வந்தாள்.

“ஒருத்தர் ஒருத்தரா சொல்லுங்க,” என்றார் போலீஸ்காரர். யார் காதில் வாங்கினார்கள்?

“சிவப்புதான் சார்,” என்று லாண்டரி லியாவ் அக்கா முந்திக்கொண்டாள். “நாங்க எல்லாரும் இதே இடத்துலதான் நின்னோம். என் கையில ரெண்டு பை.”

“குப்பை வண்டிப் பாட்டுகூட கேக்க ஆரம்பிச்சிருச்சே,” என்றார் பஸ் டிரைவர் ஷென்.

“முதல்ல பாட்டு. அப்புறம்தான் பிரேக் சத்தம்,” என்றார் கூ வாத்தியார். முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்தவர். அவர் சொன்னால் விடை சரியாகத்தான் இருக்கும் என்று சந்துக்கே ஒரு நம்பிக்கை.

“யாவென், நீ என் பக்கத்துலதானடி நின்னே?” என்றாள் லியாவ் அக்கா. “பையோட கயிறு விரலை அறுக்குதுன்னு புலம்பினியே!”

புலம்பினாளா?

“இல்லக்கா, நான் மேலே...”

“மேலயா? வண்டி வர்ற நேரத்துல மேலே உனக்கு என்னடி வேலை? உன் குப்பையை யாரு கொண்டுவந்து போட்டா, செத்துப்போன உன் மாமியாரா?”

எல்லோரும் சிரித்தார்கள். யாவெனுக்கும் சிரிப்பு வந்தது.

அதுவும் சரிதானே. இந்த நேரத்தில் அவள் என்றைக்கு மேலே இருந்திருக்கிறாள்? ஏழு மணிக்கு இங்கேதான். லியாவ் அக்கா பக்கத்தில்தான்.

விரல் வலித்தது. ஆமாம், கயிறு. பாட்டு. வாத்தியாரின் கண்ணாடியில் சின்னதாக ஒரு சிவப்பு வெளிச்சம்.

அப்படியானால் மீன்? அது வேறு புதன்கிழமையோ?

“தம்பிங்கறதுக்காகப் பொய் சொல்லக் கூடாதும்மா,” என்றார் வாத்தியார், மெதுவாக.

அவள் பொய் சொல்ல வரவில்லை. உண்மையைச் சொல்லத்தான் வந்தாள். எது என்றுதான் தெரியவில்லை.

போலீஸ்காரர் காகிதத்தை நீட்டினார். மூன்று கையெழுத்துகள் ஏற்கனவே வரிசையாக இருந்தன. நான்காவதாக அவளுடையதும் சேர்ந்தது.

அவர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார். அடுத்த முனையில் சிக்னல் விழுந்தது. காலை ஊன்றி நின்றார்.

மூன்றாம் மாடிக்கு நேற்றுத்தான் குடிவந்த பெண், காலி அட்டைப்பெட்டிகளை அணைத்துக்கொண்டு மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். “மேலே இன்னும் ரெண்டு மூட்டை இருக்கு. நாளைக்குப் போட்டுக்கலாமா?”

“நாளைக்குப் புதன்கிழமை,” என்றார்கள் நால்வரும் ஒரே குரலில். “புதன்கிழமை வண்டி வராது!”

அந்தக் குரலில் யாவெனின் குரலும் இருந்தது. அப்படியானால் போன புதன்கிழமை பாட்டு ஏது?

லியாவ் அக்கா அந்தப் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வராது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வாத்தியார் தலையாட்டினார். தூரத்தில் வண்டியின் பாட்டு கேட்கத் தொடங்கியது.

அடுத்த முனையில் சிக்னல் இன்னும் மாறவில்லை. பதினெட்டு விநாடி, பதினேழு. ஓடினால் போலீஸ்காரரைப் பிடித்துவிடலாம்.

பிடித்து என்ன நிறம் என்று சொல்வது?

யாவென் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஜன்னலைத் தேடினாள். மீனைத் தேடினாள்.

கயிறு விரலை அறுத்தது.