வெயிலில் காய்ந்த செல்கள்

தீர்ந்துபோன ரேடியோ செல்லை வெயிலில் காயவைத்தால் மறுபடி உயிர் வரும் என்று தர்மபுரி மாவட்டமே நம்பியது. மிகுந்த வருத்தத்தோடு சொல்கிறேன்: வராது. உள்ளே இருப்பது ஒரு துத்தநாகக் குவளை, நடுவில் கரிக்குச்சி, சுற்றிலும் கறுப்பு மாவு. துத்தநாகம் கரையக் கரைய மின்சாரம். கரைந்தது கரைந்ததுதான். சூடு பட்டால் மிச்சம் மீதி கொஞ்சம் முனகும்; ஒரு பாட்டு, மிஞ்சினால் ஒன்றரை. சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் சின்ன செல் இண்டூர் கிராமத்துக்கு வரப் பல வருஷம் இருந்தது. இது 1984.

ஆனால் ராயம்மாளின் செல்கள் எட்டு மாதமாகக் காய்ந்து காய்ந்து பாடின.

அவள் புருஷன் சின்னப்பன், பக்கத்து வீட்டு மரியசூசையின் புளியமரத்தில் புளி உலுக்க ஏறி விழுந்து இடுப்பு போனவன். அவள் கூலிக்குப் போனால் கட்டிலில் அவனுக்குத் துணை ரேடியோதான். மரியசூசை கொடுத்தனுப்பிய அரிசியை அப்படியே திருப்பி அனுப்பினான். "அவன் வூட்டுத் தண்ணிகூட எனக்கு வேண்டாம்."

ஒருநாள் அரிவாளை மறந்து பாதி வழியில் திரும்பிய ராயம்மாள், அவள் செல் காயவைக்கும் நடுச்சுவரருகே மரியசூசையைப் பார்த்தாள். கையில் இரண்டு செல். சுவர்மேல் மண் படிந்த வேறு இரண்டு.

"ஓகோ. உங்கூட்டு செத்த செல்ல வச்சுட்டு எங்க நல்ல செல்ல எடுக்கறியா?"

"இல்ல ராயம்மா..."

"ஞாயித்துக்கெழம பூசையில முன்னால போயி முட்டி போடற ஆளு. நொண்டி வூட்டுல செல்லுத் திருடுது."

உள்ளேயிருந்து சின்னப்பன் குரல் வந்தது. "யாரு புள்ள அங்க?"

மரியசூசை வாயை மூடிக்கொண்டார்.

அவர் கையிலிருந்ததைப் பிடுங்கினாள். சுவர்மேல் இருந்ததை எடுத்து மாட்டுத் தொட்டியில் வீசினாள்.

"அத எறியாத தாயி."

"ஏன், வலிக்குதா?"

தொட்டித் தண்ணீரில், பூசியிருந்த செம்மண் கரைந்தது. இரண்டு செல்லும் கடையில் வாங்கிய பளபளப்போடு அடியில் கிடந்தன. அதைப் பார்க்க மாடு மட்டும்தான் இருந்தது.

மறுநாள் முதல் ராயம்மாள் செல்களைக் கூரைமேல் காயவைத்தாள். ஏணியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினாள்.

ரேடியோ பாடவில்லை.