பத்து நிமிடம் பொறுக்காத சீப்பு

ஒரு முடிவெட்டும் கடையில் சீப்பு ஒன்று இருந்ததாம். அதை ஊறவைக்க, கண்ணாடி ஜாடி நிறைய மருந்துத் தண்ணீரும் இருந்ததாம்.

ஒரு நாள் பிடரியில் படர்தாமரை வந்த ஒருவர் முடிவெட்டிக்கொண்டு போனார். சீப்பு பற்களில் சிக்கிய முடியோடு ஜாடிக்குள் குதித்தது. குதித்த வேகத்தில் வெளியேயும் வந்தது.

"எங்கே கிளம்பிட்டே? பத்து நிமிஷம் கிட," என்றது தண்ணீர்.

"அதான் நனைஞ்சிட்டேனே அண்ணே."

"நனையறதுக்கு நான் எதுக்குடா? குழாய்த் தண்ணி போதாதா? முடியை அலசிட்டு வா, வந்தா ஊறுன்னு காலையிலிருந்து எத்தனை தடவை சொல்றது?"

"நாற்காலியில ஆள் உட்கார்ந்தாச்சு அண்ணே. அடுத்த வாரம் அவருக்குக் கல்யாணமாம்."

"அடுத்த வாரம்தானே? பத்து நிமிஷத்துல தாலி கட்டப் போறாரா?"

சீப்பு ஜாடி விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டு போய், மாப்பிள்ளையின் பிடரியை மேலும் கீழுமாக வாரிவிட்டது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை சவரம் செய்துகொள்ள வந்தார். பிடரியில் சிவப்பாக ஒரு வட்டம். சொறிந்துகொண்டே, நாளைக்கு மேடையில் எப்படி உட்காருவது என்று புலம்பினார்.

சீப்பு ஜாடிப் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னது: "பாவம் அண்ணே. நடுவுல வேற கடைக்குப் போயிருப்பார். அங்கெல்லாம் சீப்பை நனைக்கக்கூட மாட்டாங்க."