மைக் பாய்க்குத் தொண்டை கட்டியது

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு மைக் இருந்ததாம். அதை ஒரே ஒரு ஆள்தான் பிடித்திருந்தாராம். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவோ, ஊருக்கு அவர் மைக் பாய்.

தொழில் சைக்கிள் கடை. மற்றபடி கல்யாணமோ, கடைத் திறப்போ, இரங்கல் கூட்டமோ, அவர் கைக்குப் போன மைக் திரும்பி வராது. ஒரு தடவை, குழந்தையைக் காணோம் என்று அறிவிக்கச் சொன்னார்கள். குழந்தை தானாக வீடு வந்து, சாப்பிட்டு, தூங்கியும் போனது. அவர் இன்னும் முன்னுரையிலேயே இருந்தார்.

சிக்கல் அவருடைய அக்கா மகளுக்கு வந்தது. கல்லூரியில் படிக்கிறவள்.

நகராட்சி சாலையை அகலப்படுத்தப் போகிறது. பள்ளிவாசல் தெரு முனையில் இருக்கிற பஸ் நிறுத்தத்தைப் பிடுங்கி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் நடப்போகிறார்கள்.

"அந்த ரோட்டைத் தாண்டி உன்னை அனுப்ப மாட்டேன். நிறுத்தம் போச்சுன்னா படிப்பும் போச்சு" என்று அவளைப் பெற்ற வாப்பா முடித்துவிட்டார்.

கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு ஒவ்வொரு சமூகத்திலிருந்தும் பேச ஒருவரைக் கூப்பிட்டிருந்தார்கள். பள்ளிவாசல் கமிட்டி கூடியது, மைக் பாயும் சேர்த்து. ஐந்து பேர், ஐந்து ஸ்கூட்டர். பஸ்ஸில் கால் வைத்து எந்தக் காலமோ.

அவள் வாசலில் நின்றே கேட்டாள். "மாமா, நான் பேசுறேனே. தினம் பஸ்ல போறது நாங்கதான்."

செருப்புக்கடைக்காரர்தான் செயலாளர். அவர் முந்திக்கொண்டார். "பொம்பளப் புள்ள போய் சபையில பேசுறதா? ஊர்ல ஆம்பளைக்கா பஞ்சம்?"

அவள் மாமாவைப் பார்த்தாள்.

"அவர் சொல்றது சரி. மைக் எனக்கு" என்றார் மைக் பாய். "யாருக்காவது ஆட்சேபணைன்னா சொல்லுங்க. ஏன் எனக்குன்னு இங்கேயே விளக்கமாப் பேசிடுறேன்."

யாருக்கும் ஆட்சேபணை இல்லை. எல்லோருக்கும் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

உரையைச் செயலாளர் எழுதினார். அது வரலாற்றில் ஏறி, தியாகம் வழியாக, நல்லிணக்கத்தில் போய் இறங்கியது. நடுவில் எந்த பஸ் நிறுத்தத்திலும் நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் மாமா வீட்டுக்கு வந்தார். "உன் பஸ் சமாச்சாரத்தையும் கடைசியில ஒரு வரி சொருகுறேன். விவரம் சொல்லு, மருமகளே."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னாள்.

"உக்காந்து சொன்னா என் மண்டையில ஏறல. நின்னு சொல்லு."

நின்று சொன்னாள்.

"சத்தமா. இந்தக் காது கொஞ்சம் மந்தம். அழுகையை அப்புறம் வச்சுக்க, விஷயத்தைச் சொல்லு. எங்க, முதல்லேர்ந்து."

கூட்டம் வரைக்கும் தினமும் இதே கூத்து.

"இந்த மண்டைக்கா மைக்கைக் கொடுத்தாங்க?" என்று அவள் அம்மாவிடம் பொருமினாள்.

கூட்டத்தன்று, "தண்ணி பாட்டில் தூக்க ஆள் வேணும், வா" என்று கூட்டிப் போனார். வாசலில் துணைக்கு வந்தவள் என்று அவள் பெயரைப் பதிந்தார். கழுத்தில் புது மப்ளர். மேடைக்கு இந்த அலங்காரம் வேறயா என்று அவள் பல்லைக் கடித்தாள்.

"உங்க சமூகத்தோட குரலைக் கேட்க ரொம்ப ஆவலா இருக்கோம்" என்று நகராட்சித் தலைவர் தன் கைக்கடிகாரத்திடம் சொன்னார். "மூணு நிமிஷம்."

மைக் பாய் எழுந்தார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

இன்னொரு தடவை திறந்தார். அதே காற்று.

செயலாளர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஊர்ல இருக்கிற கூட்டத்துல எல்லாம் கத்திட்டு, வேணுங்கிறப்போ தொண்டையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு பாரு. தள்ளுங்க, நான் பேசுறேன்."

"அப்படி முடியாதுங்க" என்றார் கூட்டத்தை நடத்திய எழுத்தர். "பேச வந்தவருக்கு முடியலைன்னா, துணைக்குன்னு பதிஞ்சவங்கதான் பேசலாம். அது இந்தப் பொண்ணு."

மைக் பாய் மைக்கை அவள் கையில் வைத்தார். அவருடைய விரல்கள் மனசே இல்லாமல் ஒவ்வொன்றாகத்தான் விட்டன.

செயலாளரின் உரை மேஜைமேல் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"நல்லிணக்கம் எங்க தெருவுல நல்லாத்தான் இருக்கு சார். பஸ்தான் இல்லாமப் போகப் போகுது."

சபை சிரித்தது. தலைவர் கடிகாரத்தை விட்டு நிமிர்ந்தார். அதற்கப்புறம் பேச்சு அது பாட்டுக்கு வந்தது. நின்றபடி, சத்தமாக, அழாமல்.

"நீங்க அந்தப் பக்கம் நிறுத்தம் வச்சா, ஆம்பளைங்க ஸ்கூட்டர்ல தாண்டிடுவாங்க. எங்களை வீட்டுல நிறுத்திடுவாங்க."

பக்கத்துத் தெருப் பெண்கள், "எங்களுக்கும் அதே கதிதான்" என்று எழுந்துவிட்டார்கள். அவர்கள் வேறு சமூகத்துக்காக வந்தவர்கள். தலைவர் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டார். நிறுத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும் என்று சொன்னார்.

வெளியே செயலாளர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னார். "நான் அப்பவே சொன்னேன், இளசுகளுக்கு வழி விடணும்னு."

ஸ்கூட்டர் போனது.

அவளுக்கு இப்போது மாமாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வாழ்நாளிலேயே பெரிய மேடை, கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை. "வெந்நீர் குடிங்க மாமா. நாளைக்கு டாக்டரைப் பாருங்க."

அவர் சோகமாகத் தலையாட்டினார்.

அவள் போக வேண்டிய பஸ் அப்போதுதான் நகர்ந்தது. ஓடினாள். எட்டாது போலிருந்தது.

பின்னாலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "ஏய், நிறுத்துப்பா வண்டியை. எங்க பேச்சாளர் ஏறணும்."

பஸ் நின்றது. எதிரே வந்த லாரியும் நின்றது.

படியில் கால் வைத்தவள் திரும்பிப் பார்த்தாள். மைக் பாய் மப்ளரை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, யாரோ கத்தினார்கள் என்பதுபோல நடந்து போய்க்கொண்டிருந்தார்.