மூன்றாம் எண்ணுக்கு மேல் கூடாது

விசாரிக்காமல் ஒரு மனுஷனைத் தெருவில் தள்ளினீர்கள். இதில் உங்கள் பேரைப் போட மாட்டேன். படிக்கிறபோது உங்களுக்கே காது சுடும்.

டொமினிக்கன் நாட்டுத் தலைநகரமான இந்த சான்டோ டொமிங்கோவில் கரண்ட் வருவதைவிடப் போவதுதான் அதிகம். உங்கள் வீட்டில் வாடகைக்கு இருக்கும் எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே இன்வெர்ட்டர், ஒரே சமையலறை, ஒரே மைக்ரோவேவ். அதன் கதவில் நீங்கள் ஒட்டிய சீட்டு: “கரண்ட் போனால் சூட்டை மூன்றாம் எண்ணுக்கு மேல் வைக்கக் கூடாது. பத்தில் வைப்பவர் வீட்டைக் காலி செய்யலாம்.”

அன்று மதியம் கரண்ட் போனது. அரை மணியில் இன்வெர்ட்டரும் படுத்துவிட்டது. மின்விசிறி நின்றதும் மாடியிலிருந்து இறங்கி வந்தீர்கள். சமையலறையில் நின்றவன் ஜெஸ்னர், பின்கட்டில் குடியிருந்த ஹைட்டிக்காரக் கொத்தனார். கையில் சோறும் பீன்ஸும்.

தட்டைத் தொட்டுப் பார்த்தீர்கள்.

“ஆவி பறக்குது. பத்துல வச்சியா?”

“மூணுதாம்மா. ஒன்பது நிமிஷம் காத்துக்கிட்டு நின்னேன்.”

“மூணுல வச்சா நடுவுல சில்லுன்னுல்ல இருக்கும்?”

“பாதியில எடுத்துக் கிளறி விட்டேன்மா. மெதுவா வச்சா சோறு வறண்டு போகாது.”

“உங்க ஊர்ல வெளக்கே எரியாது. நீ எனக்கு கரண்ட் பாடம் எடுக்கிறியா?”

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

சாயங்காலம் அவன் மெத்தை வாசலில் கிடந்தது. மற்ற சாமானை உள்ளேயே வைத்துப் பூட்டினீர்கள். நாலாம் நாள், குடியிருப்புப் பேப்பர் இல்லாத வெளிநாட்டுக்காரர்களை அள்ளும் அரசாங்க லாரி தெருமுனையில் அவனையும் அள்ளிக்கொண்டு போய் எல்லைக்கு அந்தப் பக்கம் ஹைட்டியில் இறக்கிவிட்டது.

அவன் போயும் இன்வெர்ட்டர் நிமிரவில்லை. பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. எலக்ட்ரீஷியன் எலிஜியோவை வரவழைத்தீர்கள். அவர் சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“யாரு போட்ட சட்டம் இது? மூணுல வச்சாலும் அடுப்பு இழுக்கும்போது முழுசாத்தான் இழுக்கும். கொஞ்சம் இழுக்கும், கொஞ்சம் நிறுத்தும், அவ்வளவுதான். பத்துல மூணு நிமிஷமும் மூணுல ஒன்பது நிமிஷமும் பேட்டரிக்கு ஒண்ணுதான்.”

“அப்ப கரண்டைத் தின்னது யாரு?” என்றீர்கள்.

அவர் பேட்டரி மூடிகளைத் திறந்தார்.

“ஆயுசு முடிஞ்ச பேட்டரிங்க. உள்ள தண்ணி வத்திக் கெடக்கு. ஆனா இத்தனை நாள் யாரோ தவறாம ஊத்தியிருக்காங்க. அந்தப் புண்ணியத்துலதான் இதுவரைக்கும் ஓடியிருக்கு. நீங்களா?”

“பின்ன யாரு?” என்று நெஞ்சை நிமிர்த்தினீர்கள்.

எலிஜியோ பேட்டரியைத் திருப்பினார். பக்கவாட்டில் வரிசையாகத் தேதிகள், பதினைந்து நாளுக்கு ஒன்று. கடைசித் தேதி, மெத்தை வாசலுக்கு வந்ததற்கு முந்தின நாள். எல்லாமே கொத்தனார் சுவரில் குறி போடும் நீலச் சாக்பீஸ்.

நீங்கள் மாடியேறிப் போனீர்கள்.

அப்படிப் போய்விட்டால் ஆயிற்றா? லாரிக்காரர்கள் கேட்டபோது காட்ட முடியாத அவனுடைய குடியிருப்பு அட்டை, நீங்கள் பூட்டிய அறையில்தான் கிடக்கிறது. பிடிபடும் முன் அதை எடுக்க இரண்டு தடவை வந்து கதவைத் தட்டினான், நீங்கள் திறக்கவில்லை. திங்கட்கிழமை எல்லைப் பாலத்தில் சந்தை கூடும், அந்தப் பக்கத்து ஆட்களும் வருவார்கள், அட்டையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள், தேடிப் பிடித்து அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.