ஓடாத கிரேன்

துறைமுகத்தில் தண்டவாளத்தின் மேல் ஓடும் பழைய கிரேன், எங்களோடு வேலை பார்த்த அருள்ராஜை நசுக்கியதை என் கண்ணால் பார்த்தேன். "அது ஓடியே பத்து வருஷமாகிறது, அவன்தான் தவறி விழுந்தான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் சூப்பர்வைசர் பிலவேந்திரன். மறுவாரமே கிரேனை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள்.

அதன் பிறகும் தினமும் காலையில் துருப்பிடித்த தண்டவாளம், சக்கரம் ஓடித் தேய்ந்தது போலப் பளபளத்தது.

"எவன்டா இதைத் தேய்க்கிறது?" என்று கத்தினார் பிலவேந்திரன்.

"ஓடாத கிரேன்தானே சார், உங்களுக்கு ஏன் வேர்க்குது?" என்றேன்.

"கலாஸ், போதும்! இன்னைக்கே தண்டவாளத்தைப் பிடுங்குடா!"

பிடுங்கினோம்.

இன்று, நாங்கள் தங்கும் சோனாப்பூர் கேம்பின் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பார்த்தோம். வெறும் சிமெண்டுத் தரையில் இரண்டு பளபளப்பான கோடுகள் வளைந்து, அவருடைய ஆபீஸின் மூடிய கதவுக்கு அடியில் போயிருந்தன. உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

நாங்கள் யாரும் கதவைத் தட்டவில்லை.